இருபத்தெட்டுக்கும் இருபத்தொன்பதுக்கும் இடையில்

ராத்திரி ஒரு மணிக்கு மூணு ஃபேஸ் வரும்,
நாலு மணிக்குப் போய்விடும்.
ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி வைத்தவர்களுக்குத்
தூக்கம் என்பது மின்வாரியம் போடும் கணக்கு.

மோட்டார் ஓடுகிறது. வால்வில் கை வைத்தால் அதிர்கிறது.
கீழ்க்கோடியில் மட்டும் செடிகள்
தலையைத் தொங்கப் போட்டிருக்கின்றன.
நாற்பத்தெட்டாம் வரிசை தாண்டி, கடைசி மூடியைக் கழற்றினேன்.
காற்றுகூட வரவில்லை.

போன வருஷமும் இப்படித்தான்.
ஒன்றாம் வரிசையிலிருந்து ஒவ்வொரு டேப்பாய்த் திருகி,
வருகிறதா, வருகிறது,
அடுத்தது, வருகிறது, அடுத்தது...
முப்பத்தொன்றில் குனிந்திருந்தபோது
மோட்டார் சத்தம் நின்றது.
அந்தப் பறிப்பில் பதினாறு கிரேட் குறைந்தது.
அதைவிட உறுத்தியது வேறொன்று:
வராத தண்ணீரைத் தேடப் போய்
வருகிற தண்ணீரையே முப்பது தடவை பார்த்திருக்கிறேன்.

இன்றைக்கு நேராக இருபத்துநாலு.
திருகினேன். முழங்கால்வரை தெறித்தது.
அப்படியானால் மேலே இருக்கிற இருபத்துமூன்றும் சுத்தம்,
போய்ப் பார்க்காமலே சுத்தம்.
பாதி நிலத்தை இருட்டில்
தொடாமலே தள்ளிவிட்டேன்.
இப்படியொரு சோம்பேறித்தனம் உலகத்தில் இருக்கிறதென்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.

முப்பத்தாறு, இல்லை.
முப்பது, இல்லை.
இருபத்தேழு வந்தது.
இருபத்தெட்டும் வந்தது.
இருபத்தொன்பது
வாயைத் திறந்து சும்மா இருந்தது.

ஆறே தடவை குனிந்தேன்.
மேட்டுக்கு ஓடி மோட்டாரை நிறுத்தி,
இரண்டடி தோண்டி, ஹேக்சா பிளேடால் பைப்பை அறுத்தால்
உள்ளே போர்த் தண்ணீரின் உப்பு
தேங்காய்ப் பத்தை மாதிரி வெள்ளையாய்.
அதில் சிக்கிச் செத்த ஒரு பூரான்.
கப்ளிங் போட்டு, சொல்யூஷன் தடவி,
காய நூறு எண்ணி,
மோட்டார் போட்டேன்.

கடைசி மூடியில்
காற்றுகூட வரவில்லை.

மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.
பெங்களூர் ரயில் கோட்டை மலையடியில் ஊதிக்கொண்டு போனது.
எண்ணியதில் தப்பில்லை.
அடைப்பு ஒன்றுதான் என்று யார் சொன்னது?
நானே சொல்லிக்கொண்டது.

மறுபடி, மிச்சமிருக்கும் வரிசைகளில்.
முப்பத்தெட்டு உண்டு. நாற்பத்துமூன்று இல்லை.
நாற்பது இல்லை. முப்பத்தொன்பது உண்டு.
தோண்டு, அறு, ஒட்டு.

இரண்டாவது நூறை எண்ணும்போது
ஐம்பது பக்கத்தில் கெம்பம்மா நினைப்பு வந்தது.
அக்கா. ஓசூரில் இருக்கிறாள்.
பேச்சு நின்று எவ்வளவு நாளாச்சு என்று யாராவது கேட்டால்
"ஆச்சு ரொம்ப நாள்" என்பேன்.
ஒன்றிலிருந்து எண்ணுகிறவளின் பதில் அது.

எட்டு வருஷத்தை நடுவில் திருகிப் பார்த்தேன்.
அந்தப் பொங்கலுக்கு ரோஜாக் கட்டோடு வந்தாள்.
புதுவீடு குடிபோனபோது எனக்குப் பத்திரிகை இல்லை.
என் பையன் காதுகுத்துக்கு வந்தாள்,
அழுதவன் வாயில் சர்க்கரை போட்டாள்.
அம்மா கண் ஆபரேஷனுக்கும் வந்தாள்,
அம்மாவிடம் மட்டும் பேசினாள்.

காதுகுத்துக்கும் கண்ணுக்கும் நடுவில் ஏழு வாரம்.
ஏழு வாரத்தில் நடந்தது இந்த போர்.
அவள் கொடுத்த நாற்பதாயிரத்தில் போட்டது.
எழுநூற்று முப்பது அடியில் தண்ணீர் வந்தது.
சொன்னால் திருப்பிக் கேட்பாளோ என்று
வந்ததை நான் அவளிடம் சொல்லவேயில்லை.

நூறு ஆனதா தெரியாது.
மேட்டுக்குப் போய் ஸ்டார்ட்டரை அழுத்திவிட்டு
இறங்கி வரும்போதே கடைசிக் குழாய் செருமியது,
சிவப்பாய்க் கொஞ்சம் துப்பியது,
அப்புறம் தண்ணீர்.

மூணு ஐம்பது. இன்னும் பத்து நிமிஷம் பாயும்.
முதல் ஷிப்ட் என்றால் கெம்பம்மா இந்நேரம் எழுந்திருப்பாள்.
அந்த ஏழு வாரத்துக்கு அப்பாலும்
இன்னோர் அடைப்பு இருக்கலாம்.

விரலெல்லாம் சொல்யூஷன் பிசுக்கு.
போன் தொட்டதை எடுத்துக்கொள்ளவில்லை.
சட்டையில் துடைத்துக்கொண்டு
மறுபடி தொட்டேன்.